ஒத்திக்கு விட்டாச்சு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் அந்த வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கவில்லை. ஒத்திக்கு இருந்தோம்.

ஒத்தி என்றால் சென்னைப் பக்கத்து ஆட்கள் "லீஸா?" என்று கேட்பார்கள். லீஸ்தான். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை என்று எதுவும் கிடையாது. பேசின வருஷம் முடிந்ததும் அவர் அதே தொகையைத் திருப்பித் தருவார், நாம் சாவியைத் தருவோம். அதுவரைக்கும் வீடு நம்முடையது மாதிரி. இந்த "மாதிரி" என்கிற ஒற்றை வார்த்தைக்குள்தான் எங்கள் வீட்டு ஓனர் புகுந்து விளையாடினார்.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்குக் கழிவு பேப்பர் வியாபாரம். ஆப்செட் பிரஸ்களில் வெட்டி விழும் கட்டிங்கை மூட்டையாக வாங்கி, மில்லுக்கு அனுப்புவார். நான் விருதுநகர் காலேஜில் டிகிரியை முடித்துவிட்டு ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, வெடி லேபிள் என்று எது வந்தாலும் தட்டுவேன். அம்மா தன் நகையில் பாதியை விற்றுத்தான் அந்த ஒத்திக்குப் பணம் புரட்டினாள். அதனால் அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல் மேலும் எனக்கு ஒரு உரிமை உணர்ச்சி இருந்தது. அது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஓனரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தாயில்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு வெடிக் கம்பெனி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வாயில் எப்போதும் சிரிப்பு. வீடு பேசி முடிக்கிற அன்றைக்கு, கடைசியாக, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பாய், அந்த அடுப்படியை ஒட்டுன ரூம்ல எங்கம்மா பீரோ, கட்டிலு, அண்டான்னு பழைய சாமான் கெடக்கு. அத மட்டும் பூட்டி வச்சுக்கிடுறேன்."

"அதுக்கென்ன அண்ணாச்சி" என்றார் அத்தா.

எங்கள் ஊரில் ஒத்திக்கு விடுகிற வீடுகளில் பாதியில் இப்படி ஒரு சாமான் ரூம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதை இல்லை. முழு வீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒரு ரூமை வாய்வார்த்தையாக விட்டுக்கொடுப்போம். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டு.

குடி போன பிறகுதான் அண்ணாச்சியின் சட்டம் எனக்குப் புரிந்தது. குழாய் ஒழுகினால், மோட்டார் மக்கர் செய்தால், "ஒத்திதான பாய், நீங்கதான் பாத்துக்கிடணும்" என்பார். சரி, நியாயம். இருக்கிறவர்கள்தான் சின்ன ரிப்பேரைப் பார்க்க வேண்டும், பார்த்தோம். ஆனால் காலண்டர் மாட்ட நான் சுவரில் ஆணி அடித்த அன்றைக்கு, "என்ன பாப்பா, என் வீட்டுச் செவத்த ஓட்ட போடுற" என்றார். செலவு வந்தால் ஒத்தி. ஆணி அடித்தால் அவர் வீடு. தெருவில் யாராவது எங்களைப் பற்றி விசாரித்தால் "நம்ம வாடகைக்காரவுக" என்பார். நான் ஒவ்வொரு தடவையும் "ஒத்தி அண்ணாச்சி, ஒத்தி" என்று திருத்துவேன். அவர் சிரிப்பார்.

கேட் சாவி அவரிடமும் ஒன்று இருந்தது. குரல் கொடுக்க மாட்டார், பெல் அடிக்க மாட்டார். செருப்புக் காலோடு ஹாலைக் கடந்து அந்த ரூமுக்குப் போவார், வருவார். ஒரு நாள் அம்மா தொழுதுகொண்டிருந்தபோது அவளுக்கு நேர் முன்னால் நடந்து போனார். திரும்பும்போதும் அதே வழிதான். அம்மா சலாம் கொடுத்து முடித்துவிட்டு, ஈரத்துணி எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். நான் மனசுக்குள் ஒரு கணக்கு ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆடி கழிந்ததும் அவர் வருகை கூடியது. மினி வேனில் அட்டைப்பெட்டிகள் வந்தன. என்னவென்று கேட்டால் "காலண்டர் லோடு பாப்பா, பிரஸ்ல எடமில்ல" என்றார். பிரஸ்ஸில் வேலை பார்க்கிற என்னிடமே இந்தக் கதை. காலண்டர் பெட்டியை ஒரு ஆள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, கை கழன்றுவிடும். இந்த லோடுமேன் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினார். அப்படி ஓடுகையில் ஒரு பெட்டியின் அடி பிய்ந்து, பச்சைத் தாள் ஒட்டின தரைச்சக்கரம் ஒன்று கீழே விழுந்து, ஹால் முழுக்க உருண்டு, அம்மாவின் காலடியில் வந்து படுத்தது. லோடுமேன் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

அம்மா அடுப்படியைப் பார்த்தாள். அந்த ரூமுக்கும் எங்கள் கேஸ் அடுப்புக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

வெடி ஊரில் பிறந்த எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்கின குடோனில் வைக்க வேண்டிய சரக்கை, சீசன் நேரத்தில் இடம் போதாமல், சிலர் இப்படி வீடுகளில் பதுக்குவார்கள். அப்புறம் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு மதியமே அம்மா சிலிண்டரைப் பிடுங்கி, கொல்லைப்பக்கச் சுவரோரம் அடுப்பைக் கொண்டுபோய் வைத்தாள். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள். முழு வீட்டுக்கும் பணம் கொடுத்தவள் குடைக்குள் உட்கார்ந்து குழம்பு வைத்தாள்.

அத்தா கேட்கத்தான் செய்தார். அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டு, தீபாவளி வரைக்கும் பொறுங்க பாய், அப்புறம் ரூமையே உங்களுக்கு விட்டுத் தருகிறேன் என்றாராம். அத்தாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. ஒத்திப் பணம் அவர் கையில் இருக்கிறது. இன்னும் காலம் முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் நம் கைதான் வலிக்கும் என்று நினைத்தார்.

எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். கிறிஸ்தவர்கள், முனிசிபல் ஸ்கூலில் வேலை. யாருக்கும் பயப்பட மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது தெருவிலேயே அண்ணாச்சியை நிறுத்தினார். நான் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தா எனக்குப் பின்னால் படியில் நின்றிருந்தார். தண்ணீர் வந்த நேரம், அதனால் தெருவில் குடத்தோடு எல்லோரும் இருந்தார்கள்.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி. அந்த ரூம்ல வெடி அடுக்கியிருக்கீகளா? எங்க வீடு வரைக்கும் மருந்து வாடை அடிக்கி."

அண்ணாச்சி சிரிப்பை மாற்றவில்லை. "எனக்கென்ன டீச்சர் தெரியும்? வீட்ட ஒத்திக்கு விட்டாச்சு. உள்ள என்ன வச்சிருக்காக, எதுக்கு வச்சிருக்காகன்னு பாய்கிட்ட கேளுங்க." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் காலத்துல யார நம்ப முடியுது" என்றார்.

அத்தனை நாள் வாடகைக்காரவுக என்று சொன்ன வாயிலிருந்து தெருவில் ஒத்தி என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அது போகட்டும். அந்த "எதுக்கு" என்னை அறுத்தது. ஒரு பாய் வீட்டில் வெடிமருந்து, எதுக்கு. அந்த வருஷங்களில் அந்தக் கேள்வியை யாரும் முடிக்கத் தேவையில்லை, கேட்கிறவர்களே முடித்துக்கொள்வார்கள். தன் சரக்கை எங்கள் வீட்டில் அடுக்கிவிட்டு, அதற்குக் காவலாக எங்கள் அத்தாவின் பேரை நிறுத்தினார் அந்த மனுஷன். சிரித்துக்கொண்டே.

அத்தா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே சொன்னார்.

"நாளைக்கு ஜீப்பு வந்தா அவரு சொன்னதத்தான் எழுதுவாக. என் பேரப் பாத்த பெறகு வேற எதையும் கேக்க மாட்டாக."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வெறி ஏற்றியது. அன்று முழுக்க என்னென்னவோ யோசித்தேன். அவர் பூட்டுத் துவாரத்தில் ஃபெவிக்விக் ஊற்றலாம். கதவுக்கு அடியில் குடம் குடமாகத் தண்ணீர் விடலாம். வண்டி டேங்கில் சீனி போடலாம். எல்லாம் சில்லறை வேலை, செய்தால் நாம்தான் மாட்டுவோம். எனக்கு வேண்டியது அது இல்லை. அந்த ஆள் தெருவில் நின்று, அதே ஜனங்களுக்கு முன்னால், வாயைத் திறக்க முடியாமல் நிற்க வேண்டும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு விருதுநகர் போனேன். காலேஜில் எனக்கு சீனியராக இருந்த அக்கா ஒருத்தி பிறகு சட்டம் படித்து, அங்கே ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். கோர்ட் வளாகத்தில் ஸ்கூட்டி சீட் மேல் டிபன் பாக்ஸை வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். ரூமை விட்டுக்கொடுத்த இடத்தில் "லூசாடி நீங்க" என்று ஒரு தடவை சொன்னாள். தெருப் பேச்சு வந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஒத்திக்கு விட்டாச்சு, உள்ள இருக்கது எனக்குத் தெரியாதுன்னு அவரே சொன்னாரா?"

"ஆமாக்கா."

"எத்தன பேரு கேட்டாக?"

"தெருவே கேட்டுச்சு."

"அப்புறம் ஒனக்கு வேற என்னடி வேணும்?" என்று சிரித்தாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஒத்தி என்றால் வீடு உங்கள் கையில். பணம் திரும்பி வருகிற வரைக்கும் ஓனராகவே இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காலி பண்ணு என்றால் பணத்தோடு வந்துதான் சொல்ல வேண்டும். இதெல்லாம் உங்கள் உரிமை. ஆனால் வீடு உங்கள் கையில் என்றால் அதற்குள் கிடக்கிறதற்கும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். ரூம் அவருடையது, பூட்டு அவருடையது என்று அப்புறம் அழுதுகொண்டிருக்க முடியாது.

"கேள்வி வந்து ஒங்க அத்தா பதில் சொன்னா அவரு குற்றவாளி. அவரே முந்திப் போயி கேட்டா அவரு மனுதாரரு. அம்புட்டுதான் வித்தியாசம். இன்னைக்கே எழுது."

பஸ்ஸில் திரும்பும்போதே மனுவை மனசில் டைப் செய்துவிட்டேன். பிரஸ்ஸில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அடித்து முடித்தேன். இந்த வீட்டை ஒத்திக்கு அனுபவித்து வருகிறோம், ஓனர் பூட்டி வைத்திருக்கும் ஒரு அறையின் சாவி எங்களிடம் இல்லை, அதிலிருந்து மருந்து வாடை வருகிறது, உயிருக்குப் பயமாக இருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும். அவர் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சரக்கு அவருடையது என்றும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். அதை அவர் வாயால் சொல்லட்டும். சொல்லட்டும் பார்ப்போம்.

அத்தா கையெழுத்துப் போடத் தயங்கினார். பணம் மாட்டியிருக்கிறது, சீசன் முடியட்டும், பகை எதுக்கு என்று இழுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து, இல்லை, கொல்லையிலிருந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க போடலன்னா பேனாவக் குடுங்க, நான் போடுறேன். எனக்குக் கொடை புடிச்சு கை வலிக்கி."

அத்தா போட்டார். தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், தீயணைப்பு நிலையம், மூன்றிலும் கொடுத்து சீல் வாங்கினேன்.

ஜீப்பும் தீயணைப்பு வண்டியும் நல்ல வெயில் நேரத்தில் வந்தன. வண்டிச் சத்தம் கேட்டு, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யார் சொன்னார்களோ, அண்ணாச்சியும் வந்து சேர்ந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் வர ஒரு எட்டு வைத்தவர், என்னைப் பார்த்து, படியிலேயே நின்றார்.

ஜீப்பில் வந்த தாலுகா அதிகாரி அவரிடம் கேட்டார், நீங்கள்தான் ஓனரா என்று. ஆமாம் என்றார். இந்த ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கேள்வி. அண்ணாச்சியின் கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கொத்துச்சாவி அதற்குள்தான் இருந்தது. குலுங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது சார். வீட்ட எங்களுக்கு ஒத்திக்கு விட்டாச்சு. அன்னைக்கே தெருவுல வச்சு டீச்சர்கிட்ட சொன்னாக."

"ஆமா சார்" என்றார் டீச்சர் எதிர் வாசலிலிருந்து. "நாங்க எல்லாரும் கேட்டோம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பேன், ஆணி அடிக்க விட்டிருந்தால். சரக்கு என்னுடையது என்று சொன்னால் கேஸ், கம்பெனி லைசென்ஸுக்கும் ஆபத்து, போதாததற்கு ஊர் முன்னால் பொய்யர். தெரியாது என்று சொன்னால் சரக்கு போச்சு.

"எனக்குத் தெரியாது சார்" என்றார்.

பூட்டை உடைத்தார்கள். கட்டில் இல்லை, பீரோ இல்லை, அண்டா இல்லை. தரையிலிருந்து உத்தரம் வரை பெட்டிகள். பார்த்த உடனே அதிகாரி எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார். முதலில் உள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பிறகு நனைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அட்டை ஊறி, லேபிள் சாயம் கரைந்து, ரோஸ் கலரிலும் பச்சையிலும் வாசல் சிமெண்டில் ஓடி, அண்ணாச்சியின் செருப்பு வரைக்கும் வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டிருந்தார், பாவப்பட்ட மனுஷன்.

நான் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டேன். "ஒக்காருங்க அண்ணாச்சி. இன்னும் நெறைய இருக்கும் போல."

அவர் உட்கார்ந்தார். அம்மா கேட்காமலேயே டீ அனுப்பினாள். அவர் அந்த கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தார், ஆறுகிற வரைக்கும். குடிக்கவில்லை.

"யாருதுய்யா இம்புட்டுச் சரக்கு?" என்று அதிகாரி பொதுவாக, சத்தமாக, இரண்டு தடவை கேட்டார். தெரு மொத்தமும் அண்ணாச்சியைப் பார்த்தது. ஒருத்தரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த பட்டாசு என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அத்தாவைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பேரைக் கேட்டார். அத்தா சொன்னார். பேனா ஒரு நொடி நின்றது. அத்தா அந்த நொடி முடியக் காத்திருக்கவில்லை.

"மனு குடுத்தது நான்தான் சார். சாவி எங்ககிட்ட இல்ல. எங்க வீட்டுக்குள்ள என்ன கெடக்குன்னு தெரியணும்ல சார், அதான் கேட்டோம்."

அதிகாரி தலையாட்டி, மனுதாரர் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். எந்தப் பேரை வைத்து எங்களை முடித்துவிடலாம் என்று அண்ணாச்சி நினைத்தாரோ, அந்தப் பேர் காகிதத்தில் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அதை அவர் உட்கார்ந்தே பார்த்தார்.

சாயங்காலம் அத்தா, "அம்புட்டும் தண்ணியாப் போச்சு, அவருக்கு இந்த சீசனே போச்சு" என்று உச்சுக் கொட்டினார். எனக்கு நன்றாகப் பசித்தது. அம்மா அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அண்ணாச்சி நேரில் வரவில்லை. தீபாவளி கழிந்து அவர் வீட்டுக்கார அம்மாவை அனுப்பினார். அந்தம்மா பெல் அடித்து, நாங்கள் திறக்கிற வரை வெளியே நின்றார். மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னாராம், மகனுக்கு வீடு வேண்டுமாம். அம்மா அவரை உட்கார வைத்து, காரச்சேவு வைத்து, டீ கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கில்லாத வீடா மதினி. ஒத்திப் பணத்தக் கொண்டாந்து வைங்க, அந்த நிமிசமே சாவியத் தாரோம். அதுவரைக்கும் ஒத்திக்காரவுக எங்கிட்டுப் போவாக, சொல்லுங்க."

பணத்தைச் சரக்கில் போட்டிருந்தார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ரூமைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நான் எடுத்துக்கொண்டேன். பேசின காலம் முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தோம். அண்ணாச்சி எங்கள் தெரு வழியாகத்தான் பஜாருக்குப் போக வேண்டும். எங்கள் வாசல் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை முறுக்குவார். நான் வெளியே நின்றால் விடவே மாட்டேன்.

"வாங்க அண்ணாச்சி, வீட்டுக்கு வாங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவேன்.

வீடு அவருடையதுதான். ஆனால் நான் கூப்பிட்டால்தான் அவர் உள்ளே வர முடியும். உரிமையை எல்லாம் அத்தாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். இதை அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துகிற பொறுப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.